பதினோரு குறிகள்

"என்கூட யாருமே நிலைக்க மாட்டேங்கிறாங்க, டீச்சர்" என்றார் குழந்தைசாமி.

ரத்த வங்கியின் தரவுத்தளத்தைக் கட்டிக்காப்பவர் அவர். துணைக்கு வந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த ரோஸ்லினும் வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்கிறேன் என்றுவிட்டாள். அதுதான் மூன்று பஸ் மாறி, மலையடிவாரத்தில் இருக்கும் மங்கையைத் தேடி வந்திருந்தார். அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் தரவுத்தளக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் டீச்சர்.

"ஏன் போறாங்களாம்?"

"தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதறப்ப நான் போடற குறி புரியலையாம்."

"என்ன குறி, அண்ணே?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கூட்டல் குறிக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும். என்னுதுக்கு வேண்டாம். வலப்பக்கம் ஒண்ணு இருந்தா போதும். பேருக்கு முன்னாடி போட்டா இனிஷியலை உதிர்த்துடும். தேதிக்கு முன்னாடி போட்டா, அடுத்து எப்ப ரத்தம் கொடுக்கலாம்னு சொல்லிடும். பதினொண்ணு, டீச்சர். எல்லாம் நானே உண்டாக்கினது."

"யாராவது மெச்சினாங்களா?"

"மெச்ச யாரு இருக்கா?"

மங்கை மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கையெல்லாம் மாவு. நீங்க எழுதின கட்டளையை நீங்களே வாய்விட்டு வாசிங்க, கேக்கறேன்."

மடிக்கணினியைத் திறந்து வாசித்தார். "கொடையாளர் பட்டியல்லருந்து எடு…"

குரல் நின்றது.

"ம்?"

"ஒரு வளைவு. ஒரு ஆச்சரியக்குறி. அப்புறம் வேலி மாதிரி ஒண்ணு."

"அது அடையாளம். பேரு?"

அவர் திரையை மேலும் கீழும் நகர்த்தினார்.

"குறிக்கு உள்ளே வேலை செய்யறது ஒரு ஃபங்ஷன், ஒரு குட்டி நிரல்தானே? அதுக்குப் பேர் இல்லாம தரவுத்தளம் குறியையே ஏத்துக்காதே."

"எஃப் ஒண்ணு, எஃப் ரெண்டு…" பாதியிலேயே விட்டுவிட்டார்.

"ரோஸ்லின் உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

முதல் நாள், திரையில் விரலை வைத்து, "சார், இதை என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள். 'போகப் போகப் பழகிடும்' என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

மங்கை மாவை உருட்டத் தொடங்கினாள்.

குழந்தைசாமி வாசலுக்குப் போய் போனைப் போட்டார்.

"ரோஸ்லின், நாந்தாம்மா. இனிஷியலை உதிர்க்கிற குறி இருக்குல்ல… அதுக்கு ஒரு பேர் வெக்கணும்."



"கோவிச்சுக்காதீங்க சார். முன்னாடி இருந்தவங்க வெச்ச பேரு ஒண்ணு இருக்கு. எனக்கும் அவங்கதான் போன்ல சொன்னாங்க."

"என்னது?"

"மொட்டை."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மத்த பத்தும் சொல்லும்மா" என்றார். "மெதுவா."