ரிவால்வர், பிஸ்டல், மஞ்சப்பை

“ரிவால்வரா, பிஸ்டலா? நீங்கதான் மேடம் சொல்லணும்.”

ஏட்டு அருளப்பன் இதைக் கேட்பது மூன்றாவது நாள்.

சுடுதளத்து மேசையில் இரண்டும் இருந்தன. ஒன்று, ஒன்பது வருடமாக அவர் இடுப்பில் தேய்ந்த குட்டி ரிவால்வர். இன்னொன்று, புதிதாக வந்திருக்கும் சின்ன பிஸ்டல். மேசைக்கு அந்தப் பக்கம் சுடும் பயிற்சி தரும் எஸ்.ஐ. செண்பகவல்லி. அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

அருளப்பன் ஒரு பெண் நீதிபதிக்கு மெய்க்காவலர். போன மாதம் அந்த அம்மா ஒரு மணல் வழக்கில் தீர்ப்புச் சொன்னார். மறுவாரம் பெயரில்லாத மிரட்டல் கடிதம் ஒன்று வந்தது. அதற்கு அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மெய்க்காவலர்கள் எந்தத் துப்பாக்கி என்று இன்று எழுதிக் கொடுக்க வேண்டும். விசில் ஊதினால் மூன்று நொடிக்குள் அதை எடுத்து, இலக்கில் இரண்டு குண்டு போட வேண்டும். முடியாதவர் வாசலில் பாரா நிற்கப் போகலாம்.

“ரிவால்வர்ல என்ன குறை?”

“மக்கர் பண்ணாது மேடம். அழுத்தினா வெடிக்கும். ஆனா அந்த அழுத்து, கிணத்துல நிறைகுடம் இழுக்கற மாதிரி. குண்டும் அஞ்சுதான். சட்டைக்குள்ள எலுமிச்சம்பழத்தை ஒளிச்சு வச்சாப்ல துருத்திட்டு வேற நிக்குது.”

“பிஸ்டல்?”

“தட்டையா ஒட்டி உக்காந்துக்குது. பத்து குண்டு. விசை வெண்ணெய். ஆனா இறுக்கிப் பிடிக்கலைன்னா, சுட்டப்புறம் வெத்துத் தோட்டா வெளிய விழாம பாதியில சிக்கிக்குது. நேத்து சிக்குச்சு.”

“மத்தவங்க என்ன சொல்றாங்க?”

“என் பேட்ச் பால்துரை பிஸ்டல்ங்கறான். ஆயுதக் கிடங்குக்காரர் ரிவால்வர்ங்கறார். எம் பொண்ணு, ரெண்டும் வேணாம்ப்பா, வேலையை விட்டுடுங்கறா.”

செண்பகவல்லி விசிலை எடுத்தார். “சுடுங்க.”

ரிவால்வரில் இரண்டரை நொடி. பிஸ்டலில் இரண்டு. அட்டை மனிதனின் நெஞ்சில் நான்கு ஓட்டை. ரிவால்வர் போட்டவை கொஞ்சம் இடது பக்கம்.

“ரெண்டுலயும் பாஸ்.”

“அதான் மேடம் பிரச்சினையே.”

செண்பகவல்லி இரண்டிலும் குண்டுகளைக் கழற்றி வைத்தார்.

“அம்மா மார்க்கெட் போறப்ப அவங்க பின்னாடி எப்படிப் போவீங்க? நடந்து காட்டுங்க.”

அருளப்பன் பிஸ்டலைச் செருகிக்கொண்டு நாலடி நடந்தார். நின்றார். கையை விரித்துப் பார்த்தார்.

“ஏதோ குறையுதே மேடம். ஆங், பை இருக்கும்.”

செண்பகவல்லி தன் மஞ்சப்பையை நீட்டினார். உள்ளே அவருடைய மதியச் சாப்பாடு. அருளப்பன் அதை வலது கையில் வாங்கிக்கொண்டார். இப்போது நடை சரியாக வந்தது.

விசில் ஊதியது.

அருளப்பன் குனிந்தார். பையை மெதுவாகத் தரையில் வைத்தார். அது சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார். பிஸ்டல் உறையை விட்டு வெளியே வந்தபோது ஆறு நொடி.

“சாம்பார் கொட்டிடுமேன்னு பாத்தேன் மேடம்.”

“தப்பில்ல. அடுத்து ரிவால்வர்.”

ஆறரை நொடி. பையை மறுபடி வலது கையில் எடுத்துக்கொண்டார்.

“பையை இடது கையில பிடிங்க.”

“அதுல அம்மா குடை இருக்கும். அதுவும் போக, அவங்க பையை இடது கையிலயா வாங்கறது?”

“அவங்க பிடிக்கச் சொன்னாங்களா?”

“சொல்லணுமா மேடம்? நாமளே வாங்கிக்கறதுதானே.”

“வேண்டாம்னு விட்டா?”

“நல்லா கேட்டீங்க. ஏட்டுக்கு ஏத்தம் வந்துடுச்சும்பாங்க. மறுநாளே வேற ஆள் வருவான். டெஸ்ட்ல போகாத வேலை அதுல போயிடும்.”

செண்பகவல்லி படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்து நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன.

அருளப்பன் வாங்கிக்கொண்டார். ஒரு கட்டத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோனார், பிறகு மற்றதன் மேல்.

“எதுல டிக் போடட்டும் மேடம்?”

“முதல்ல பையைக் கீழ வைங்க ஏட்டையா.”

அருளப்பன் குனிந்து பார்த்தார். பை வலது கையில் இருந்தது. பேனா இடது கையில் இருந்தது.

மாலையில் நீதிபதி அம்மா மார்க்கெட் போனார். முதல் கடையில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு. கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்ததும், அம்மா வழக்கம்போல் பையைப் பின்னால் நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். அருளப்பன் ஓரடி தள்ளி, இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“கையில அடியா, அருளப்பன்?”

“இல்லம்மா.”

“பின்ன?”

“கை சும்மா இருக்கணும்மா.”

பழக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தராசு ஆடி நின்றது. தீர்ப்புச் சொல்லுமுன் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார் என்பது அருளப்பனுக்குத் தெரியும். இப்போதும் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இதைச் சொல்ல ஒன்பது வருஷமா?”

“பையைக் கொடுக்கறப்ப எப்படிம்மா வேண்டாம்னு…”

“நான் எங்கே கொடுத்தேன்? முதல் நாளே நீங்கதான் பிடுங்கிக்கிட்டீங்க. சரி, ஆசைப்படறார்னு விட்டுட்டேன்.”

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கையிலிருந்த குடையையும் அதற்குள் செருகினார். இரண்டு கடை தள்ளி முருங்கைக்காய் வாங்கினார். அது பையை விட்டு நீண்டு அவர் காதை உரசியது.

“முருங்கைக்காயை மட்டும்?”

“அதுவும் நீங்கதாம்மா.”

அம்மா சிரித்துக்கொண்டே நடந்தார். அருளப்பன் பின்னால் நடந்தார். ஒன்பது வருடமாக வந்துபோகும் மார்க்கெட். கூரை இவ்வளவு உயரம் என்பதையும், வெற்றிலைக் கடைக்குப் பின்னால் இன்னொரு வாசல் இருப்பதையும் இன்றுதான் பார்த்தார்.

“துப்பாக்கி மாத்தச் சொன்னாங்களாமே. எதை எடுத்தீங்க?”

அருளப்பன் அந்த வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிஸ்டல்ம்மா.”