மூன்று புளிப்புப் பழமும் ஒரு பாயும்

விளக்கை அணைத்தாயிற்று. நேராகப் படு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போட வேண்டும். "ம்" நின்றால் கதையும் நின்றுவிடும்.

கடல் சூழ்ந்த ஊர் ஒன்று. அந்த ஊரில் தூக்கம் போதாத பெண் ஒருத்தி. ஊர் பினாங்கு, அவள் பெயர் இந்திராணி. ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு ராத்திரி வேலை. ஊர் உறங்கும்போது அவள் இயந்திரத்தின் முன்னால் நிற்பாள். ஊர் எழுந்து பசியாறும்போது அவள் வீட்டுக்கு வந்து படுப்பாள். ம்?

அவளுக்கு ஒரு தங்கை, தமிழரசி. ஈப்போவில் ஒரு பையனுக்குத் தங்கையைப் பேசியிருந்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் பையனை வளர்த்தவர் அவனுடைய அத்தை ராக்கம்மாள். அவர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் கல்யாணம்.

இதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் வந்து கலைந்திருந்தது. காரணம் கேள். பினாங்கில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. வெளியூர் விருந்தாளிக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, ஊரையும் சுற்றிக் காட்ட வேண்டும். அந்த முறை இந்திராணி அசதியில் சோற்றைப் போட்டு, வந்தவர்களை நேரே பஸ் ஏற்றிவிட்டாள். "ஒரு கொடிமலையைக்கூடக் காட்டலை. மரியாதை தெரியாத வீடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தமிழரசி அன்று சாப்பிடவில்லை.

அப்புறம் அத்தை வரும் நாள் வந்தது. இந்திராணி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறாள், கூடத்தில் அத்தையும் அவர் கணவர் சின்னையாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தை நெடுநெடுவென்று உயரம். முகத்தில் சிரிப்புக்கு இடம் விடவில்லை.

"பசியாறிட்டீங்களா அத்தை?"

"ஆச்சும்மா."

"அப்போ கிளம்புவோமா? ஊரைப் பார்க்கலாம்."

அத்தை கணவரைப் பார்த்தார். கணவர் தம் செருப்பைப் பார்த்தார். "பார்த்திடலாம்" என்றார் அத்தை.

அடுப்படியில் தமிழரசி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு ரத்தமா செவந்திருக்கு. நீ படுக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"பொண்ணு பார்க்க வந்தவங்களைப் பொண்ணே கூட்டிக்கிட்டு ஊர் சுத்துவாளா? நீ வடைக்கு ஆட்டு. அவங்க முன்னால நான் ஒரு கொட்டாவி விட்டாலும் போச்சு, அதையும் ஈப்போ வரைக்கும் சொல்லுவாங்க."

தங்கை ஒரு காகிதத்தில் மூன்று புளிப்புப் பழம் மடித்துக் கொடுத்தாள். உப்புப் போட்டுக் காயவைத்த பழம். "தூக்கம் வந்தா ஒண்ணை வாயில போட்டுக்க" என்றாள்.

"ம்" எங்கே? சரி.

முதலில் கொடிமலை. ரயில் கடகட, கடகட என்று செங்குத்தாக ஏறிற்று. மேலே பனி. கீழே ஊரும் கடலும் கப்பல்களும் சிறு பொம்மைகளாகத் தெரிந்தன. சின்னையாவுக்குப் பல் கிடுகிடுவென்று ஆடிற்று. குளிர்காற்று முகத்தில் பட்டதும் இந்திராணிக்கு இமை சரிந்தது. அப்போது ஒரு பழத்தை வாயில் போட்டாள். சுரீர் என்றது. இமை திறந்துகொண்டது.

"எப்படி இருக்கு அத்தை?"

"நல்ல காத்து" என்றார் அத்தை. முகத்தில் சிரிப்பு இல்லை.

இவருக்குப் போதவில்லை போலும் என்று இந்திராணி எண்ணினாள். "இன்னும் ஒரு இடம் இருக்கு, அத்தை."

அத்தை கணவரைப் பார்த்தார். கணவர் செருப்பைப் பார்த்தார். "பார்த்திடலாம்."

அப்புறம் பாம்புக் கோயில். போகும் வழியில், காலையில் அவள் வெளியே வந்த அதே தொழிற்சாலை வாசலைப் பஸ் கடந்தது. இந்திராணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோயிலுக்குள் ஊதுபத்திப் புகை. அங்கே வைத்திருந்த மரக்கிளைகளில் பச்சைப் பாம்புகள் சுருண்டு உறங்கின.

கடிக்குமா என்று கேட்காதே. அவை அசையவே இல்லை.

"பகல்ல இப்படித் தூங்குதுங்களே," என்றார் சின்னையா, "இதுங்களுக்கும் ராத்திரி வேலையா?"

"இருக்கும், மாமா" என்றாள் இந்திராணி. பாம்பைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்றால் அது அவள்தான். இரண்டாவது பழம். சுரீர்.

அத்தை கும்பிட்டார், திரும்பினார்.

"இன்னும் ஒரு இடம் இருக்கு, அத்தை."

"பார்த்திடலாம்."

மூன்றாவது, தண்ணீர்மலை. முருகன் உச்சியில் இருக்கிறார். படியோ ஏற ஏறத் தீரவில்லை. வெயில் சுள்ளென்று தலையில் இறங்கிற்று. "செருப்பை நான் பார்த்துக்கறேன்" என்று சின்னையா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் இருவரும் ஏறினார்கள். பாதி மலையில் இந்திராணிக்குப் படி இரண்டிரண்டாகத் தெரிந்தது. கடைசிப் பழத்தை எடுத்தாள். வாயருகே கொண்டுபோனவள் திரும்பிப் பார்த்தாள்.

அத்தை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. தலை மெல்லச் சாய்ந்து, டக்கென்று நிமிர்ந்து, மறுபடியும் சாய்ந்தது.

இருந்தது ஒரே பழம். அதை அவள் தின்னவில்லை. அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னது இது?"

"தூக்கம் வராம இருக்க, அத்தை."

அத்தை பழத்தைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார். "இதை நீ எதுக்கு வெச்சிருக்கே?"

"ராத்திரி முழுக்க வேலையில நின்னுட்டு அப்படியே வந்தேன். இன்னும் படுக்கலை."

"நான் நாசி லெமாக் விக்கிறவ. தினம் இருட்டுலயே எழுந்து தேங்காப்பால்ல சோறாக்கணும். நேத்து படுக்காமலே பஸ் ஏறிட்டேன்."

"அப்போ வேணாம்னு சொல்லியிருக்கலாமே, அத்தை."

"எப்படிச் சொல்றது? நீ வாய்க்கு வாய் இன்னும் ஒரு இடம்னு கூப்பிடறே. வரலைன்னா, ஈப்போக்காரிக்கு மரியாதை தெரியலைன்னு பொண்ணைக் குடுக்க மாட்டீங்க. என் பையன் இந்தப் பொண்ணைத்தான் வேணுங்கறான். முட்டி தேஞ்சா தேயட்டும்னு ஏறினேன்."

இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கி வைத்திருந்த கொட்டாவி அப்போதுதான் ஆவென்று வெளியே வந்தது. அத்தைக்கும் அது தொற்றிக்கொண்டது.

"முருகன் எங்கயும் போயிட மாட்டான். இங்கேயே கும்பிட்டுட்டு எறங்குவோம்" என்றார் அத்தை.

"இன்னும் ஒரு இடம் இருக்கு, அத்தை."

அத்தையின் முகம் வாடிப்போயிற்று.

"எங்க வீட்டு முன்னறை. காத்தாடி நல்லா ஓடும். பாய் போட்டிருக்கு."

"அதையில்ல முதல்ல காட்டியிருக்கணும்" என்றார் அத்தை. சிரிக்கவில்லை. ஆனால் பழத்தைக் கடித்து இரண்டாக்கி, பாதியை அவளிடம் கொடுத்தார். கீழே இறங்கி வீடு போய்ச் சேரும் வரைக்கும் அது தேவைப்பட்டது. ம்?

அப்புறம், தமிழரசி வடைத் தட்டோடு முன்னறைக்குள் எட்டிப் பார்க்கிறாள். ஒரே பாயில் அக்கா இந்தப் பக்கம், அத்தை அந்தப் பக்கம். கொர்ர், கொர்ர். தட்டோடு கூடத்தில் இருந்த சின்னையாவிடம் போனாள்.

"மாமா," என்றாள் மெல்ல, "அத்தை என்ன சொன்னாங்க?"

சின்னையா ஒரு வடையை எடுத்தார். "கட்டினதுலேருந்து பார்க்கறேன். உங்கத்தை யார் வீட்டுலயும் படுத்ததில்லை. சொந்தத் தங்கச்சி வீட்டுலகூட நாற்காலியில உட்கார்ந்தபடிதான் விடிய வைப்பா. இங்க வந்து கால் நீட்டிட்டா. சம்பந்தம் முடிஞ்சுதும்மா. சத்தம் போடாம இன்னும் ரெண்டு வடை கொண்டா."

அவர்கள் உறங்கிவிட்டார்கள். கதையும் அந்தப் பாயின் ஓரத்தில் படுத்துவிட்டது.

ம்?

"ம்" வரவில்லை. நல்லது. எனக்கும் அசதிதான். தூங்கு.