வியர்த்த சாடி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவருக்குப் படையைப் பற்றிக் கவலை இல்லை, மழையைப் பற்றியும் கவலை இல்லை. கவலையெல்லாம் ஒரு செப்புச் சாடியைப் பற்றித்தான். ஆள் உயரச் சாடி. கள்ளைத் தெளியவைத்து, தேனும் ஏலமும் போட்டு ஊறவைத்த தேறல் அதில் கழுத்துமுட்ட நிறைந்திருக்கும். காற்றுப் பட்டால் புளித்துவிடும் என்று மூடியை அரக்கு வைத்து அடைத்து, குளிர்ந்த நிலவறையில் வைத்திருந்தார்கள். அடியில் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு பூட்டு. சாவி ஒன்றே ஒன்று. அது அரண்மனை அதிகாரி திருமலைக்கொழுந்தின் இடுப்பில் தொங்கும்.

போன மாதம் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தபோது, அவருடைய இரண்டாவது கிண்ணம் நிறையுமுன் குழாய் இரண்டு சொட்டு விட்டு நின்றுபோனது. விருந்தாளி சிரிக்கவில்லை, பாவம் என்பதுபோல் பார்த்தார். அதைத்தான் நம் ராஜாவால் தாங்க முடியவில்லை.

மறுபடி சாடியை நிரப்பிப் பத்து நாள் ஆனதும் சபையில் கேட்டார்: "இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது?"

"நாளுக்கு ஒரு கிண்ணமாகத் தாங்கள் அருந்தியது பத்தே கிண்ணம், மகாராஜா. கழுத்தளவுக்குக் குறையாது" என்றார் கொழுந்து.

"போன முறையும் இதையேதான் சொன்னீர்."

 கொழுந்து சுற்றிலும் பார்த்தார். அரண்மனை விகடகவி சாத்தப்பன் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தான். ராஜா அவனோடு சிரித்துப் பேசும்போதெல்லாம் கொழுந்துக்கு வயிறு எரியும்.

"எல்லாம் தெரிந்த சாத்தப்பன் இருக்கிறாரே, அவரே சொல்லட்டும். ஆனால் மூடியைத் திறக்கக் கூடாது. தூக்கிப் பார்க்கக் கூடாது. தட்டிப் பார்க்கக் கூடாது. ஏன், சாடியைத் தொடவே கூடாது!"

ராஜாவுக்கு இது பிடித்துவிட்டது. "நாளை மதியத்துக்குள் சொல், சாத்தப்பா. வாயால் சொன்னால் போதாது, என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் மொட்டையடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவேன்."

ராஜா விளையாட்டாகச் சொன்னால்கூட நாவிதன் விளையாட்டாகச் சிரைக்க மாட்டான். சாத்தப்பனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனால் மனைவி பேச்சியம்மை நெல் அவித்துக்கொண்டிருந்தாள். கொல்லையெல்லாம் ஆவி.

"குடிக்கத் தண்ணி இருக்கா?" என்றான்.

"அந்தச் செம்புல பாதிதான் இருக்கு. போயி மொண்டுட்டு வாங்க."

"எட்டிக்கூடப் பாக்கல, பாதின்னு எப்படிச் சொல்ற?"

"பாதிவரைக்குந்தானே வேர்த்திருக்கு! கண்ணு எங்க போச்சு?"

சாத்தப்பன் செம்பைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். அவளைக் கும்பிடாத குறைதான்.

மறுநாள் காலை ராஜாவும் கொழுந்தும் நிலவறைக்கு வந்தபோது, கொதிக்கும் நெல் அண்டாவை நான்கு பேர் உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன அக்கிரமம்!" என்றார் கொழுந்து.

"தாங்கள் போட்ட தடைகளில் நெல் அவிப்பது இல்லையே, ஐயா" என்றான் சாத்தப்பன். ராஜாவின் கையாலேயே ஒரு செம்பில் பாதித் தண்ணீர் ஊற்றவைத்து, அதைச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தான். கதவைச் சாத்தச் சொன்னான்.

ஆவி அறையை நிறைத்தது. சாடி கழுத்துவரை மங்கிப்போனது. கொழுந்து மெல்லச் சிரித்தார். சாத்தப்பனுக்கு உயிரே போய்விட்டது. கை தானாகத் தலையைத் தடவிப் பார்த்தது.

அப்புறம் மெள்ள மெள்ள, தேறல் இல்லாத மேல்பாகம் சூடேறி உலரத் தொடங்கியது. கழுத்து உலர்ந்தது, தோள் உலர்ந்தது. இடுப்புக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. அதற்குக் கீழே சாடி முத்து முத்தாக வியர்த்து வழிந்தது. பக்கத்தில் செம்பும் சரியாகப் பாதிவரை வியர்த்திருந்தது.

ராஜா செம்பைப் பார்த்தார், சாடியைப் பார்த்தார். "பத்துக் கிண்ணத்துக்கு அரைச் சாடியா இறங்கும்?" என்று கொழுந்தின் பக்கம் திரும்பினார்.

"நான் ஒரு சொட்டுக்கூட அறியேன், மகாராஜா!" என்றார் கொழுந்து. தலைப்பாகையைத் தாண்டி வியர்வை ஓடியது.

சாத்தப்பன் பணிவாகக் குனிந்தான். "சாடிக்கு இடுப்புவரை வியர்த்தது, தேறலும் இடுப்புவரை இருக்கிறது. அதிகாரிக்கு உச்சந்தலைவரை வியர்த்திருக்கிறதே, மகாராஜா."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் நெற்றியைத் தொட்டார், அதுவும் நனைந்திருந்தது. அவசர அவசரமாக அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தார்.

காலையிலிருந்து காத்துக்கிடந்த நாவிதனுக்குக் கொழுந்தின் தலை கிடைத்தது. சாத்தப்பனுக்கு ராஜாவின் கழுத்திலிருந்த முத்துமாலை கிடைத்தது. அதோடு குழாய்ச் சாவியையும் ராஜா நீட்டினார்.

"மாலை போதும், மகாராஜா. சாவி என்னிடம் இருந்தால், அடுத்த முறை நெல் அவிக்கும்போது இந்த அறைக்குள் வியர்க்காமல் நான் எப்படி நிற்பேன்?" என்றான் சாத்தப்பன்.