காலிக் கட்டம்

புயல் ஓய்ந்தும் சில படகுகள் திரும்பவில்லை. கடலோர மடத்தின் வாசலில் பெண்கள் விடிந்ததிலிருந்தே நின்றிருந்தார்கள்.

எந்தப் படகு எங்கே ஒதுங்கியது என்ற தகவல் பல துறைமுகங்களிலிருந்து மடத்துக் கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டிருந்தது. எல்லாம் கட்டம் கட்டமாக, எண்ணும் குறியீடுமாக. வாசலில் நின்றவர்களுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

மடத்துச் சீடர் கங்காதரன் முன்பு மென்பொருள் வேலையில் இருந்தவர். தலை நரைத்த பிறகு, தன்னைவிட இளையவரான நிறைமதி அம்மாவைக் குருவாக ஏற்று வந்தவர். அன்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கட்டங்களைப் படித்து, ஆளுக்கு ஒரு தாளில் நல்ல தமிழில் எழுதித் தரும்படி ஒரு புரோகிராம் எழுதினார். நடுநடுவே எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார்.

"கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்" என்றார் அம்மா.

"அவர்கள் நிற்கிறார்களே, அம்மா."

தாள்கள் அச்சாகி வந்தன. சூடு ஆறுமுன் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"ராயப்பன் கொச்சியில் கரை சேர்ந்தார். நலமாக இருக்கிறார்." அதைப் படித்த பெண் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கங்காதரனுக்கு நெஞ்சு நிறைந்தது.

அடுத்த தாள், கணவருக்காகக் காத்து நின்ற லில்லி புஷ்பத்தின் கைக்குப் போனது.

"கிளீட்டஸ் கரை சேரவில்லை. நலமாக இல்லை."

அவள் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் ஓலமிட்டார்கள். சத்தம் கேட்டு அம்மா வந்தார். தாளை வாங்கிப் படித்தார்.

"இதை யார் சொன்னது?"

"கோப்பில் இருந்தது, அம்மா."

"காட்டுங்கள்."

உள்ளே போய்த் திரையைப் பார்த்தார்கள். கிளீட்டஸ் என்ற பெயர் இருந்தது. அதற்கு நேரே, கரை சேர்ந்த இடம், உடல்நிலை என்ற இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

"இங்கே ஒன்றுமே எழுதவில்லையே."

"காலியாக இருந்தால் 'இல்லை' என்று வரும்படி வைத்தேன். வாக்கியம் முழுமையாக வரவேண்டுமே."

சொல்லி முடிக்கும் முன்பே கங்காதரனுக்குத் தன் தவறு உறைத்தது. தானாகவே வாசலுக்குப் போய் லில்லியின் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

"தப்பு என்மேல், தாயி. அவரைப்பற்றி ஒரு தகவலும் வரவில்லை. எங்களுக்குத் தெரியாது."

"தெரியாதா?" அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியாதுன்னா சரி, சாரே. நான் நிக்கேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

கங்காதரன் உள்ளே ஓடினார். புரோகிராமைத் திறந்தார்.

"காலிக் கட்டத்துக்கு என்ன எழுதுவது, அம்மா? 'தெரியவில்லை' என்று போட்டால் கையை விரிப்பதுபோல் இருக்கிறது. 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்று போடட்டுமா?"

"நல்ல வாக்கியம்" என்றார் அம்மா. "யாரிடம் விசாரித்தீர்கள்?"

கங்காதரன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

அம்மா துறைமுகங்களின் தொலைபேசி எண்களை அவர் முன் வைத்தார்.

"முதலில் விசாரியுங்கள். அப்புறம் எழுதலாம்."