பெருச்சாளியின் பெயர்க்கல்

பனங்காட்டின் நடுவே ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு சின்ன தேவாலயம். அதன் பின்சுவரை ஒட்டி வளை தோண்டி, வேதமாணிக்கம் என்ற கிழட்டுப் பெருச்சாளி குடியிருந்தது.

அந்தத் தேவாலயத்தில் வருஷா வருஷம் அசனம் நடக்கும். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். ஊருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. வேதமாணிக்கத்துக்கோ அதுதான் அறுவடை! மூட்டையில் ஓட்டை போட்டு அரிசியை இழுக்கும். பருப்பை இழுக்கும். கருப்பட்டியை உருட்டிக்கொண்டே ஓடும். வளைக்குள் அறைக்குமேல் அறை தோண்டி எல்லாவற்றையும் அடைத்து வைக்கும். தின்பது மட்டும் நொய்யரிசி.

"நல்ல அரிசியத்தான் தின்னா என்ன?" என்று அதன் மனைவி பாக்கியம் கேட்கும்.

"அது பிள்ளைகளுக்கு!"

"பிள்ளைகளும் நொய்தான தின்னுது?"

"அது பிள்ளைகளோட பிள்ளைகளுக்கு!"

பாக்கியத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரை முன்னால் உட்கார்ந்தால் முதலில் முன்னங்கால்களைக் கூப்பிக் கண்ணை மூடிவிடும். பிள்ளைகளும் மூட வேண்டும். "ஆண்டவரே, தந்ததுக்கு ஸ்தோத்திரம். எங்கயாவது மாட்டிக்கிட்டுத் தவிக்கிறவங்களையும் நினைச்சருளும்" என்று சொல்லும். அதன் பிறகும் கண்ணைத் திறக்காது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.

"அதான் ஆமென் சொல்லியாச்சே, இன்னும் என்ன?" என்று வேதமாணிக்கம் பறக்கும்.

"நாமளே பேசிக்கிட்டிருந்தா மத்தவங்க பேசுறது எப்பிடிக் கேக்கும்?"

"நீ கண்ணத் திறக்கிறதுக்குள்ள எறும்பு பாதியத் தூக்கிரும்! இதப்போய் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறியே, இதக் கூறுபோட்டு விக்க முடியுமா?"

பாக்கியம் காலமானது. அந்த வழக்கத்தை மகள் கிருபை மட்டும் விடவில்லை. மகன்கள் ஆசீரும் நேசனும் ஒற்றைக் கண்ணை மூடும். மற்றக் கண் அரிசி அறைமேலேயே இருக்கும்.

வயது ஏற ஏற வேதமாணிக்கத்தை ஒரு கவலை அரித்தது. செத்த பிறகு தன்னை யார் நினைக்கப்போகிறார்கள்? தேவாலயத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தது. மின்விசிறி இறக்கையில் உபயம் செய்தவர் பெயர். நாற்காலி முதுகில் பெயர். டியூப்லைட்டில் ஒருவர் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாவற்றையும் நெருக்கி எழுதிவைத்ததில் வெளிச்சமே வெளியே வரவில்லை!

"வாழ்ந்தா இப்பிடி வாழணும்!" என்று உருகிப்போனது வேதமாணிக்கம்.

உடனே ஒரு பெரிய சுண்ணாம்புக் கல்லை இழுத்து வந்தது. காட்டிலேயே படித்தவர் என்று பெயரெடுத்த ஓணானைக் கூப்பிட்டது.

"வக்கீலய்யா, இதுல எம்பேர எழுதிக் குடுக்கணும்!"

ஓணான் தலையை ஆட்டியது. உண்மையில் ஓணானுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும், அவ்வளவுதான். அதை வைத்தே அது வக்கீலாகிவிட்டது. தேவாலய வாசலுக்கு ஓடி, அங்கே எழுதியிருந்ததைப் பார்த்துவந்து அப்படியே மண்ணில் கீறியது. வேதமாணிக்கம் பல் வலிக்க வலிக்க அதைக் கல்லில் கொறித்தது. 'செருப்பை இங்கே கழற்றவும்' என்று அழகாக வந்திருந்தது.

"என்ன கம்பீரமான பேரு!" என்று அதைத் தன் வளைவாசலில் நிமிர்த்தி நட்டுவைத்தது.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. குளம் நிரம்பி வழிந்து மறுகால் போகிற மழை. அறைக்குமேல் அறையாகத் தோண்டிய தரை எவ்வளவுதான் தாங்கும்? ஒரே அமுங்காக அமுங்கியது. பெயர்க்கல் சாய்ந்து வளைவாசலை அடைத்துக்கொண்டது. வேதமாணிக்கம் அரிசி அறைக்குள் கழுத்துவரை புதைந்து மாட்டிக்கொண்டது!

மழை விட்டதும் பக்கத்து வளைகளிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தன. அமுங்கின மண்ணையும் விழுந்த கல்லையும் பார்த்தன.

"எப்பா! எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று ஆசீர் அலறியது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அரிசி அறை எனக்கு" என்றது.

"ஏன், நான் என்ன தத்தெடுத்த பிள்ளையா? அரிசி எனக்கு! பருப்ப நீ வச்சுக்க!" என்று நேசன் பாய்ந்தது.

"வக்கீலய்யா, மூத்தவனுக்குத்தான அரிசி?" என்று வேடிக்கை பார்க்க வந்த ஓணானிடம் ஆசீர் கேட்டது.

ஓணான் தலையை ஆட்டியது.

"கடைசி வரை அப்பாவப் பாத்தவனுக்குத்தான அரிசி?"

அதற்கும் ஆட்டியது.

"பாத்தியா, எனக்குத்தான்!" "எனக்குத்தாம்ல!" என்று இரண்டும் கட்டிப் புரண்டன.

அடியில் வேதமாணிக்கத்துக்கு எல்லாம் கேட்டது. "ஏல, நான் இன்னும் சாகலைல!" என்று கத்தியது. நனைந்த அரிசிக்குள்ளிருந்து குரல் எங்கே எழும்புகிறது? மேலே போட்ட கூச்சலில் இது எந்த மூலைக்கு? மூச்சு முட்டியது. தன் சொத்தே தன்னை நெரிக்கிறது என்று அதற்குப் புரிந்தபோது கத்துவதற்கும் தெம்பு குறைந்துவிட்டது.

"நிறுத்துங்கண்ணே!" என்றது கிருபை. "அம்மா செய்யச் சொன்னதச் செஞ்சிட்டு அப்புறமா அரிசியில கை வைங்க."

"இப்பவா?" என்றன இரண்டும்.

"அம்மா நேரம் பாத்தா சொல்லிக் குடுத்தா?"

அம்மா பேச்சை எடுத்ததும் இரண்டும் வாயை மூடின. கண்ணையும் மூடின. இந்த முறை இரண்டு கண்களையும். ஆட்டிக்கொண்டிருந்த ஓணான்கூடத் தலையைப் பாதியில் நிறுத்தியது.

"ஆண்டவரே, தந்ததுக்கு ஸ்தோத்திரம். எங்கயாவது மாட்டிக்கிட்டுத் தவிக்கிறவங்களையும் நினைச்சருளும். ஆமென்."

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. பனையோலையிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. அப்போது மண்ணுக்கடியிலிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது.

"கீச்!"

"ஆண்டவர் பேசிட்டாரு!" என்று துள்ளியது நேசன்.

"ஆண்டவர் கீச்சுன்னு பேசமாட்டாருண்ணே! அது அப்பா!"

மூன்றும் சேர்ந்து கல்லைப் புரட்டின. மண்ணைப் பறித்தன. மேலெல்லாம் கரைந்த கருப்பட்டி வழிய, மீசையில் பருப்பு ஒட்டியிருக்க, வேதமாணிக்கம் வெளியே வந்து விழுந்தது. மகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அரிசி பூரா ஊறிப்போச்சுப்பா," என்று ஆசீர் விசும்பியது. "நாளைக்குப் புளிச்சிரும்."

"அப்ப இன்னைக்கே தின்னணும்," என்றது வேதமாணிக்கம். "காட்டுல இருக்கிற எல்லாரையும் கூப்பிடு. நம்ம வீட்டுலயும் ஒரு அசனம் நடக்கட்டும்!"

முயல் வந்தது. மூஞ்சூறு வந்தது. ஓணான் கூப்பிடாமலே முன்வரிசையில் இருந்தது. பெயர்க்கல்லைக் குப்புறப் போட்டு அதன்மேல் அரிசியைக் குவித்தார்கள். மூஞ்சூறு அவசரமாகக் கையை நீட்டியது.

"பொறும் வே! மொதல்ல கண்ண மூடும்!" என்றது வேதமாணிக்கம்.

"அதுக்குள்ள எறும்பு தூக்கிட்டுப் போயிருமே!"

"தூக்கட்டும். அதுவும் பந்திக்கு வந்ததுதான்."

சில காலம் கழித்து வேதமாணிக்கம் கண்ணை மூடியது. பிள்ளைகளுக்கென்று ஒரு பிடி நொய்கூட மிச்சமில்லை. கூறுபோட எதுவும் இல்லாததால் சண்டையும் இல்லை. இன்றைக்கும் அந்தக் குளத்தங்கரை வளைகளில் இரை தின்னும் முன் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அது பாக்கியம் தொடங்கிவைத்த வழக்கம் என்று அங்கே இருக்கும் குஞ்சு குளுவான்களுக்குத் தெரியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருக்கும்.

பிள்ளைகளுக்கு நாம் சேர்த்துவைக்கும் பொருளை மழையும் எறும்பும் பங்குபோட்டுக்கொள்ளும். அவர்களுக்குப் பழக்கிவைக்கும் ஜெபமோ, நம் பெயர் மறந்துபோன பிறகும் தலைமுறை தாண்டி நிற்கும்.