பூட்டி வைத்த விண்ணேடு

முன்னொரு காலத்தில் வாரணபுரி நாட்டை முத்தரசன் என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. அந்த நாட்டில் விண்மண்டபம் என்று ஓர் இடம் இருந்தது. வானத்தைக் கவனிப்பவர்கள் எழுதி அனுப்புவதையெல்லாம் சரிபார்த்து, வரும் ஆண்டுக்கும் கணித்து, ஆண்டுக்கு ஒரு முறை ‘விண்ணேடு’ என்று தொகுத்து, படியெடுத்து ஊர் ஊராக அனுப்பி வந்தாள் உமையாண்டாள். இருபது வருடமாக அவளுக்கு அதுதான் வேலை.

அவைப்புலவர் சிகண்டிராயருக்கு அது கண்ணை உறுத்தியது. அவரும் ஆண்டுதோறும் வானத்தைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறவர். விண்மண்டபம் தன் கைக்கு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஒருநாள் அவை கலைந்து, மன்னனும் அமைச்சரும் உமையாண்டாளும் மட்டும் இருந்தபோது அவர் சொன்னார்: “மன்னா, ஒரு நூலின் பெருமையை அளப்பது சுலபம். மற்ற நூல்கள் எத்தனை அதன் பெயரைச் சொல்கின்றன என்று எண்ணினால் போதும். என் நூலை முந்நூறு நூல்கள் சொல்கின்றன. இந்த அம்மாளின் ஏட்டைச் சொல்பவை பதினொன்று.”

“அப்படியானால் மண்டபத்தை உம்மிடமே கொடுத்துவிடலாமே” என்றான் மன்னன்.

உமையாண்டாளும் எண்ணிப் பார்த்திருக்கிறாள். பதினொன்று என்பது பொய்யில்லை.

அமைச்சர் மழவராயர் எழுந்தார். “அரசே, நாற்பது நாள் பொறுங்கள். இந்த ஆண்டு விண்ணேடும் புலவரின் நூலும் இன்னும் வெளியே போகவில்லை. இரண்டையும் அரண்மனையில் வைத்துப் பூட்டி, எதைத் தேடி யார் வருகிறார்கள் என்று பார்ப்போம். பூட்டிய விஷயம் நம் நால்வரோடு இருக்கட்டும்.”

“தாராளமாக” என்றார் சிகண்டிராயர்.

ஏட்டைப் பூட்டிவிட்டால் இருக்கிற பதினொன்றும் போய்விடுமே என்று மருகினாள் உமையாண்டாள்.

இருபதாம் நாள் கோயில் குருக்கள் இருவர் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். “கிரகணம் என்றைக்கென்று தெரியவில்லை. நடை சாத்த வேண்டுமே.” மறுநாள் கடலோடிகள் வந்தார்கள். எந்த விண்மீன் எப்போது எழும் என்று தெரியாமல் கப்பலை எடுக்க முடியாதாம். பிறகு பஞ்சாங்கம் கணிப்பவர்கள். நாற்பதாம் நாள் வாசலில் நிற்க இடமில்லை. இவர்களில் ஒருவரும் பிற நூல்களின் பெயரைச் சொல்லி நூல் எழுதுகிறவர் இல்லை; சிகண்டிராயரின் நூலை ஒருவரும் கேட்கவும் இல்லை.

அன்று அவை கூடியதும் சிகண்டிராயர், மாணவர்கள் கொண்டு வந்த ஒரு கட்டுச் சுவடியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நீட்டினார். “வாசலில் கூச்சல் இருக்கலாம். ஆனால் இந்த ஆண்டு என் நூலைப் புகழ்ந்து என் மாணவர்கள் எழுதிய நூல்கள் இதோ, நாற்பத்திரண்டு.”

மழவராயர் ஒன்றைப் பிரித்து வாசித்தார்: “‘எம் ஆசான் இவ்வாண்டு நூலில் அழகுற விளக்கியபடி…’ புலவரே, அந்த நூல் நாற்பது நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. உங்கள் மாணவர்கள் எதைப் படித்தார்கள்?”

சிகண்டிராயர் மற்றச் சுவடிகளை அவசரமாகக் கட்டினார். மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

“அந்த நாற்பத்திரண்டையும் நீரே உட்கார்ந்து படித்து, எதில் என்ன புதிதாக இருக்கிறது என்று எனக்கு எழுதிக் கொடும். உமையாண்டாள், மண்டபம் உன்னுடையது. இனி உன் ஏட்டை எத்தனை நூல் சொல்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம்” என்றான்.

பூட்டைத் திறந்து, ஏட்டுக்கட்டுகளைத் தானே சுமந்துகொண்டு வாசலுக்குப் போனாள் அவள். ஒரு கடலோடி கை நீட்டி வாங்கி, வேண்டிய இடத்தைத் தேடிப் பிடித்துப் படித்தான்.

“அப்பாடா” என்றான். “இதை யாரும்மா எழுதுறது?”

“நாங்க நாலஞ்சு பேர்” என்று சிரித்தாள் உமையாண்டாள். அவன் அதற்குள் துறைமுகத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்.