மயிலுக்குக் கட்டிய தோரணம்

ஏரிக்கரை ஈச்சமரத்தில் தவசி என்றொரு தூக்கணாங்குருவி இருந்தான். கூடு பின்னுவதில் மகா கெட்டிக்காரன். அவன் மனைவி பொன்னாத்தா கூட்டுக்குள் மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வேலைதான் மிச்சம். கூட்டின் அடியில் குழாய் போல நீளமாக வாசல் பின்ன வேண்டும். அது இருந்தால் பாம்பால் உள்ளே தலை நுழைக்க முடியாது.

"என்னங்க, வாசல் பாதியிலேயே தொங்குதே. எப்ப முடிப்பீங்க?" என்று தினமும் கேட்பாள் பொன்னாத்தா.

"நாளைக்கு!" என்பான் தவசி.

அந்த நாளை மட்டும் வரவே இல்லை. காரணம், மாணிக்கவேல்.

மாணிக்கவேல் ஒரு மயில். எதிர்க்கரைப் பாறையில் தோகை விரித்து ஆடினால் காடே வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தவசி மட்டும் போக மாட்டான்.

"தலைவர் கழுத்தைத் திருப்பினாரே, பார்த்தீங்களா? என்னைத்தான் பார்த்தார்!" என்று கிளை கிளையாகச் சொல்லிக்கொண்டு திரிவான்.

அடுத்த மட்டையில் அவன் அண்ணன் சடையன் குடியிருந்தான். ஒருநாள் அவன் சும்மா இருக்காமல், "ஆட்டம் பிரமாதம்தான். ஆனா அந்தக் காலைத்தான் பார்க்கச் சகிக்கலை" என்று சொல்லிவிட்டான்.

தவசிக்கு இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "தலைவர் காலைப் பத்தியா பேசறே? இனி நீ எனக்கு அண்ணனும் இல்லை, நான் உனக்குத் தம்பியும் இல்லை!"

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கோடை முடிந்து வானத்தில் கருமேகம் திரண்டது. மாணிக்கவேல் மறுநாள் காலை ஆடப் போவதாகக் காடெங்கும் ஒரே பேச்சு. தவசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலைவர் ஏறி வரும் பாறை வழியில் பச்சைத் தோரணம் கட்டிவிட வேண்டும் என்று துடித்தான். ஆனால் கரையிலிருந்த புல்லையெல்லாம் எருமைகள் மேய்ந்து தீர்த்திருந்தன. நாருக்கு எங்கே போவது?

அவன் பார்வை தன் கூட்டின் பாதி வாசல் மேல் விழுந்தது.

"ஐயோ, என்ன செய்யறீங்க! வாசலைப் பிரிக்காதீங்க!" என்று பதறினாள் பொன்னாத்தா.

"ஒரே ஒரு நாள்தான்! ஆட்டம் முடிஞ்சதும் இதே நாரைக் கொண்டுவந்து பின்னிடறேன்" என்று சொல்லிக்கொண்டே தவசி மொத்தத்தையும் உருவிக்கொண்டு பறந்தான்.

மறுநாள் காலை மாணிக்கவேல் வந்தான். இரண்டு அடி வைத்ததும் தோகை தோரணத்தில் சிக்கிக்கொண்டது. "வழியில இதை யாருப்பா கட்டினது?" என்று சலித்துக்கொண்டு காலால் ஓர் உதை விட்டான். தோரணம் அறுந்து மண்ணில் விழுந்தது.

"தலைவர் காலடி பட்டுடுச்சு! நான் பின்னின நார்ல பட்டுடுச்சு!" தவசிக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

அப்போது ஈச்சமரத்திலிருந்து பொன்னாத்தாவின் குரல் கேட்டது. தவசியின் காதில் விழாமல் இல்லை. 'வாசல் கேட்டுத்தான் கத்துவாள். ஆட்டம் முடியட்டும்' என்று பேசாமல் இருந்தான்.

சற்று நேரத்தில் இன்னொரு குரல் கேட்டது. அவனோடு பேச்சை நிறுத்தியிருந்த குரல்.

"தம்பி! ஓடி வாடா! பாம்பு!"

தவசிக்கு உயிரே போனது போலிருந்தது. மயிலின் முன் போய் விழுந்தான். "தலைவரே! என் கூட்டுக்குப் பாம்பு வந்துடுச்சு! நீங்க ஒரு கொத்து கொத்தினாப் போதும்!"

"நீ யாரு?" என்று கேட்டான் மாணிக்கவேல்.

"நான்தான் தவசி! நீங்க தினமும் பார்ப்பீங்களே! என் வீட்டு வாசலைப் பிரிச்சு உங்களுக்குத் தோரணம் கட்டினவன்!"

மயில் திகைத்துப் போனான். "நான் பார்க்கிறது அதோ அந்தப் பெண்மயிலை. தோரணம் வேணும்னு நான் கேட்டேனா? உன் மட்டையில நான் உட்கார்ந்தா கூட்டோட முறிஞ்சு ஏரியில விழும். இங்கே நிக்காதே, சீக்கிரம் போ!"

தவசி பறந்தான். ஏரி அவ்வளவு அகலம் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

சாரைப்பாம்பு ஒன்று மட்டையில் வாலைச் சுற்றிக்கொண்டு கூட்டுக்குள் தலையை விட்டிருந்தது. சடையன் அதன் வாலைக் கொத்திக்கொண்டிருந்தான். தவசியும் பாய்ந்து கொத்தினான். அக்கம்பக்கத்துக் குருவிகளும் கூச்சலிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன. வலி தாங்காமல் பாம்பு தலையை வெளியே இழுத்தது. பிடி நழுவி 'தொபீர்' என்று தண்ணீரில் விழுந்தது.

தவசி கூட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பொன்னாத்தா சிறகை விரித்து இரண்டு முட்டைகளை மூடியிருந்தாள். மூன்றாவது இல்லை.

தவசி வெளியே வந்து, "அண்ணே..." என்று மட்டும் சொன்னான்.

சடையனின் வாலில் பாதி இறகு போயிருந்தது. "பேசறதெல்லாம் அப்புறம். மழை வரப் போகுது, முதல்ல நாரைக் கொண்டா" என்றான். பிறகு தன் கூட்டிலிருந்தே நாலு நாரை உருவிக் கொடுத்தான்.

தவசி பின்னத் தொடங்கினான். எதிர்க்கரையில் ஆட்டம் களைகட்டி ஆரவாரம் எழுந்தது. அவன் தலையைத் திருப்பவில்லை. மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே பின்னினான்.

பொன்னாத்தா இரண்டு நாள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாசல் வழியாக எட்டிப் பார்த்து, "இந்த முடிச்சு தளர்ந்திருக்கு. இறுக்கிப் போடுங்க" என்றாள்.

தவசி அதை இறுக்கினான். முட்டைகள் பொரியும்வரை அந்த மரத்தை விட்டு அவன் எங்கும் நகரவில்லை.

ஒருவரின் திறமையை ரசிப்பது இன்பம்தான். ஆனால் நம்மை நம்பி இருப்பவர்களை மறந்து அவர் பின்னால் திரிந்தால், இழப்பு முழுவதும் நம் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.